தேனியின் காற்றைப் பெட்டிக்குள் வைத்தவர்கள்



‘டிஜிட்டல் ட்வின்’ என்று இப்போது அடிக்கடி படிக்கிறோம். ஓர் ஊரின் மலை, மரம், கட்டடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, டவர் நடும் முன்பே சிக்னல் எங்கே எட்டும், எங்கே மறையும் என்று பார்த்துவிடுவது. 6ஜிக்கு இது அவசியமாம். 2024 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறையும் ‘சங்கம்’ என்ற பெயரில் ஒரு டிஜிட்டல் ட்வின் முயற்சியை அறிவித்தது. இந்த வகை ஆராய்ச்சியில் நம் தேனிக்கும் ஒரு பழைய பங்கு உண்டு.

2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரத்தில் சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. அவற்றில் ஒன்று அம்பாசமுத்திரம் (நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், இது நம் தேனிப் பக்கத்து ஊர்). மையத்தில் டாக்டர் கிடையாது. நோயாளி அங்கிருந்தே தேனி டாக்டரிடம் வீடியோவில் பேச வேண்டும். இல்லாவிட்டால் கண் மங்கிய பாட்டி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். பலர் ஏறவே மாட்டார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழு, சாதாரண வைஃபையைக் கொண்டே பல கிலோமீட்டருக்கு இணைப்புக் கொடுக்க வந்தது.

வைஃபை வீட்டுக்குள் ஓடப் பிறந்தது. அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் உடனே பதில் எதிர்பார்க்கும். வருகைப் பதிவில் கடைசி பெஞ்சிலிருந்து ‘உள்ளேன் ஐயா’ தாமதமாக வந்தால் ஆப்சென்ட் போடுவோமே, அதே கதைதான். தூரத்துப் பதில் வருவதற்குள் ‘போய்ச் சேரவில்லை’ என்று மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். குழுவினர் ஆய்வகத்தில் ‘சேனல் எமுலேட்டர்’ என்ற கருவியை வைத்து, நெடுந்தூரக் காற்றைப் பெட்டிக்குள்ளேயே போலியாக உண்டாக்கிச் சோதித்தார்கள். இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி மாற்றினார்கள். 2007இல் வெளியான ஆய்வில் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியதாக எழுதினார்கள்.

ஆனால் தேனியில் கருவிகளைப் படுத்தியது காற்று அல்ல, கரண்டு! லோ வோல்டேஜில் ரூட்டர் அரைகுறையாக விழித்து உறைந்து நிற்கும். திடீரென வோல்டேஜ் எகிறினால் அடாப்டர் கருகும். பெட்டிக்குள் இருந்த போலித் தேனியில் இது எதுவும் இல்லை. 2008இல் அதே குழு எழுதிய அடுத்த ஆய்வு பெரும்பாலும் இந்தத் தொல்லைகளைப் பற்றியதுதான். எனக்கு முதல் ஆய்வைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் அமைப்பைச் சேர்த்தார்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கே பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

பெங்களூரிலும் சென்னையிலும் நெட்வொர்க் வேலையில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் செய்யும் நகலில் மலையும் கட்டடமும் இருக்கும். சாயங்கால லோ வோல்டேஜ் இருக்கிறதா? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.