மேலே ஆண்டை இல்லாத நிலம்

நிலப்பிரபுத்துவம் என்றதும் பாடப்புத்தகத்தில் பார்த்த முக்கோணப் படம்தான் நினைவுக்கு வரும். உச்சியில் அரசன், நடுவில் பிரபுக்கள், அடியில் பண்ணையடிமைகள். அந்தப் படத்துக்குள் அடங்காத நிலமும் ஐரோப்பாவில் இருந்தது. அதற்கு 'அலோடியம்' என்று பெயர். அதை வைத்திருந்தவர் எந்தப் பிரபுவுக்கும் வாரம் அளக்கவில்லை, ஊழியம் செய்யவில்லை. யாரும் கொடுத்த நிலம் இல்லை என்பதால் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

இங்கிலாந்தில் 1066க்குப் பிறகு இந்த உரிமை ஒழிந்தது. படையெடுத்து வென்ற வில்லியம், எல்லா நிலமும் அரசனிடமிருந்து பெற்றதே என்று ஆக்கினான். பிரான்சில் இரண்டு வழக்குகள் மோதின. வடக்கே, பிரபு இல்லாத நிலமே இல்லை என்றார்கள். தெற்கே, பத்திரம் இல்லாமல் பிரபுவே இல்லை என்றார்கள். வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆதாரத்தை யார் காட்ட வேண்டும், உழுபவரா, ஆண்டையா? பாதிச் சண்டை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. 1793இல் புரட்சி அரசு பிரபுக்களின் உரிமைகளை இழப்பீடு இல்லாமல் ஒழித்தபோது, அந்தப் பத்திரங்களையும் எரிக்கச் சொன்னது.

நார்வேயில் இந்த உரிமை 'ஓடல்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 1814 அரசியல் சட்டமே அதற்குப் பாதுகாப்பு தந்தது. ஆனால் அந்தச் சுதந்திர விவசாயியின் வயலில் வேலை செய்தவர் யார்? 'ஹுஸ்மன்' எனப்பட்ட குடியானவர். குடிசைக்கும் ஒரு துண்டு நிலத்துக்கும் ஈடாக அவர் பண்ணை வேலை செய்தார். நிலமுள்ள விவசாயிக்கு 1814இலேயே வாக்குரிமை கிடைத்தது. ஹுஸ்மனுக்குக் கிடைக்கவில்லை. மார்க்குஸ் த்ரானே அவர்களையும் தொழிலாளர்களையும் திரட்டி, ஏறத்தாழ 13,000 கையெழுத்துகளுடன் 1850இல் மன்னருக்கு மனு கொடுத்தார். அடுத்த ஆண்டே கைது செய்யப்பட்டார். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1898இல்தான் வந்தது, பெண்களுக்கு 1913இல். ஓடல் நிலத்திலும் 1974 சட்டம் வரும்வரை மகளைவிட மகனுக்கே முன்னுரிமை.

தனக்கு மேலே ஆண்டை இல்லாதவர், தனக்குக் கீழே ஒருவரை வைத்திருக்க முடியும். ஆகவே நில உரிமை பற்றிப் படிக்கும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள் தோழர்களே. இந்த நிலத்துக்கு மேலே யார்? இந்த நிலத்தில் வேலை செய்தும் கணக்கில் வராதவர் யார்? முதல் கேள்வியை வரலாறு நிறையவே எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவதை நாம்தான் கேட்க வேண்டும்.