கணவாய் வழியே ஒரு சிற்றுலா

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, ஊருக்கு வருவதென்றால் அது பெரும்பாலும் கடமைகளை நிறைவேற்ற வருவதே. பெற்றோரைக் காண வேண்டும். குலதெய்வத்துக்குப் பொங்கலிட வேண்டும். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குத் தலைகாட்ட வேண்டும். பத்து நாள் விடுமுறையில் எட்டு நாள் இவ்வாறு கழிந்துவிடும். எஞ்சிய இரண்டு நாளில் கணவனும் மனைவியுமாக எங்கேனும் போய் வரலாமே என்ற ஆவல் எழும். கைப்பணத்தை எண்ணிப் பார்த்ததும் அந்த ஆவல் அடங்கிப் போகும்.

அத்தகைய இரண்டு நாளுக்கு ஏற்ற வழி ஒன்றைப் பற்றி இங்கே பேசுவோம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரத்தைக் கடந்து பாலக்காட்டை அடையும் சாலையே அது. செலவு சொற்பம், உணவோ வகை வகையானது. அந்த வழியின் வரலாற்றையும் ஓரளவு அறிந்து சென்றால், இருவரும் அருகருகே அமர்ந்து உண்ணும் ஒரு பிடி சோறு எத்தனை அரிய பொருள் என்பது விளங்கும்.

கோபாலபுரம் பெரிய ஊரன்று. தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உள்ள எல்லையூர். சோதனைச் சாவடியாலேயே வெகு காலம் அது பெயர் பெற்றிருந்தது. சரக்கு லாரிகள் வரிச் சீட்டைக் காட்டுவதற்காக வரிசையாக நின்ற அந்தக் காட்சி, 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததோடு மறைந்துவிட்டது. எல்லையின் இருபுறத்திலும் ஒரே தென்னை, ஒரே காற்று. கேரளத்துச் சித்தூர் வட்டத்தில் பல ஊர்களில் வீட்டு மொழி இன்றும் தமிழே.

இந்தக் காற்றுக்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. ஆனைமலைத் தொடர் தெற்கே சென்று இடுக்கி மாவட்டத்தில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியாக நிமிர்ந்து நிற்கிறது. இவ்விரு மலைகளுக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டிருக்கிறது. மேலைக் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே மக்களும் மாடுகளும் மிளகும் உப்பும் சென்று வந்த பெருவழி இதுவே. பொள்ளாச்சியிலும் வெள்ளலூரிலும் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் அந்தப் பழைய வாணிகத்துக்குச் சான்று.

எல்லை என்பது 1956-ஆம் ஆண்டில் மட்டும் தோன்றியது என்று நாம் எண்ணிவிடலாகாது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இவ்வழியே சென்ற பயணி மூன்று நிர்வாகங்களைக் கண்டான். பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர்ப் பகுதி கொச்சி மன்னருக்கு உரியது. அதைத் தாண்டினால் பாலக்காடு, மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1949-இல் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தது. ஆட்சிகள் மாறின, கோடுகள் அழிந்தன, புதிதாக வரையப்பட்டன. அடுப்பங்கரை மட்டும் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கொங்கு நாட்டார் வெந்த அரிசி மாவைப் பிழிந்து சந்தகை என்கிறார்கள்; பாலக்காட்டார் அதையே சேவை என்கிறார்கள். பெயர் இரண்டு, பண்டம் ஒன்று.

ஆனால் அந்தப் பண்டத்தை வழியில் யார், எங்கே, யாருடன் அமர்ந்து உண்ணலாம் என்பதில் தான் முற்காலத்தில் தடைகள் மிகுந்திருந்தன. மாட்டு வண்டிக் காலத்தில் பயணி கட்டுச்சோற்றை நம்பினான். புளிச்சோறும் தயிர்ச்சோறும் மரநிழலில் அவிழ்க்கப்பட்டன. கொச்சி, திருவிதாங்கூர் அரசுகள் ஊட்டுப்புரைகளை நடத்தி இலவசமாக உணவளித்தன. அந்த உபசாரம் பிராமணர்க்கே உரியதாக இருந்தது. செலவில்லாத பயணம் அன்றும் இருந்தது என்று சொல்லலாம்; எல்லார்க்கும் அது கிட்டவில்லை. பெண்களின் நிலையோ சொல்ல வேண்டுவதில்லை. வீட்டிலேயே கணவன் உண்டு எழுந்த பின்பு உண்பவளுக்கு, வழியிலே அவனோடு சமமாக அமர்ந்து உண்ணும் எண்ணமே எழாது.

1862-ஆம் ஆண்டில் மதராஸ் ரயில்வே கணவாயை ஊடுருவிச் சென்றது. 1932-இல் பொள்ளாச்சியையும் பாலக்காட்டையும் இணைக்கும் மீட்டர் பாதை அமைந்தது. பிற்காலத்தில் அது அகலப்பாதையாயிற்று. மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு என்று ஆனைமலையை ஒட்டிச் செல்லும் அந்தப் பாதை இன்றும் கண்ணுக்கு விருந்து. ரயில்வண்டி எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் சென்றது. நிலையத்தில் இறங்கியதும் உணவு விடுதி அவர்களைப் பிரித்துவிட்டது. தென்னிந்திய ரயில் நிலையங்களில் பிராமணர்க்குத் தனியிடமும் பிறர்க்குத் தனியிடமும் இருந்தன. சுயமரியாதை இயக்கத்தாரின் நீண்ட எதிர்ப்புக்குப் பின்னரே, 1941-இல் அவ்வேற்றுமை நீங்கிற்று. நகரங்களில் தோன்றிய காப்பி கிளப்புகளும் நெடுங்காலம் ஆடவரின் உலகமாகவே இருந்தன. பின்னாளில் திரையிட்ட குடும்ப அறைகள் வந்தன. அந்தத் திரைக்குப் பின்னே தான் எத்தனையோ இளந்தம்பதிகள் முதன்முதலாக ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து ஒரு தோசையைப் பகிர்ந்துகொண்டார்கள்!

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு நம் சிற்றுலாவைத் தொடங்குவோம். முதல் நாள் பொள்ளாச்சியில் இருக்கலாம். வெல்லத்துக்கும் தேங்காய்க்கும் மாட்டுச் சந்தைக்கும் பெயர் போன ஊர் அது. அங்கே பெரிய விடுதியைத் தேட வேண்டுவதில்லை. அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும், கொள்ளுப் பருப்பும், தேங்காய்ப்பாலுடன் சந்தகையும் கிடைக்கும் சிறு கடையே போதும். இருவரும் ஒரே பண்டத்தை வாங்காமல் ஆளுக்கொன்றாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால், ஒருவர் செலவில் இருவகைச் சுவை கிட்டும். சிக்கனத்தின் முதற்பாடம் இது. இல்லறத்தின் முதற்பாடமும் இதுவே எனலாம்.

மறுநாள் விடியற்காலையிலேயே பேருந்தில் ஏறிவிட வேண்டும். கோபாலபுரத்தைக் கடந்ததும் பெயர்ப்பலகையின் எழுத்து மாறும். கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் காதில் விழும் பேச்சு மாறாது. சித்தூர்ப் பக்கம் திரும்புவோர் ஆனைமலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றைக் காணலாம். சோகநாசினி என்று அதற்கொரு பெயர் உண்டு. துயரைத் தீர்ப்பவள் என்பது பொருள். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதி நாட்களை அவ்வாற்றங்கரையில் கழித்தார் என்பது மரபு. கரையில் சிறிது நேரம் அமர்ந்திருக்க எவரும் காசு கேட்பதில்லை.

நேர்வழியில் செல்வோர், பாலக்காட்டை அடையுமுன் எலப்புள்ளி வட்டாரத்தில் ராமசேரி என்னும் சிற்றூரில் இறங்க வேண்டும். இந்த ஊரின் இட்டிலி நாடறிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த முதலியார் குடும்பங்கள் வாழ்க்கைப்பாட்டுக்காக இத்தொழிலைக் கைக்கொண்டதாகச் சொல்வர். நம் வீட்டு இட்டிலித் தட்டு அங்கே இல்லை. கொதிக்கும் பானையின் வாயில், நூலால் வலை பின்னிய மண் வளையத்தை வைத்து, அதன்மேல் துணியை விரித்து மாவை ஊற்றுகிறார்கள். மண் சட்டியால் மூடி விறகுத் தீயில் வேகவைக்கிறார்கள். தோசைபோல் தட்டையாக, பஞ்சுபோல் மிருதுவாக வெளிவரும் அது, ஒரு நாளைக்கு மேல் கெடாமல் இருக்கும். கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்கவும், வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கவும் ஏற்றதாயிருந்ததால் அதன் புகழ் பரவியது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், வந்த இடத்துக்கே தம் கைப்பக்குவத்தால் பெயர் தேடிக் கொடுத்தார்கள் என்பதை, பிற மாநிலங்களில் வாழும் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது பாலக்காடு நகரம். ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டை நகர நடுவே நிற்கிறது. மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே கைமாறிக் கைமாறி, 1790-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று அதன் அகழியோரம் மாலையில் உலாவுவோருக்கு உரியது. நண்பகலில் வாழையிலைச் சாப்பாடு: மொளகூட்டல், எரிசேரி, ஓலன், அவியல், மோர்க்குழம்பு, பருவம் வாய்த்தால் சக்கைப் பிரதமன். மாதுங்காவிலும் கரோல் பாகிலும் நாம் உண்ட பல சமையல்களின் தாய்வீடு இதுதான். எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் சமையற்காரராகவும் பாலக்காட்டுத் தமிழர் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் சென்றபோது, தம் அம்மியையும் உடன் கொண்டு சென்றனர்.

கல்பாத்தி அக்கிரகாரம் நகரத்தை ஒட்டியே உள்ளது. ஆற்றங்கரையில் உள்ள விசுவநாதர் கோயிலுக்குப் பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு உண்டு. காசியில் பாதி கல்பாத்தி என்பது வழக்கு. வீதியில் அப்பளமும் வடாமும் ஊறுகாயும் வாங்கலாம். எடை போட்டு வாங்கும் கால் கிலோ நேந்திரங்காய் வறுவல், வெளியூர் திரும்பும் ரயிலில் இருவர்க்கும் துணை.

அழகான இந்த வீதியில் நடக்கையில், 1924-ஆம் ஆண்டை மறந்துவிடலாகாது. பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லா வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை, கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். வீரையன் அவ்வாண்டு மதராஸ் சட்டசபையில் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. அதே ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தி வீதியில் வந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். பூசல் அடுத்த ஆண்டுகளிலும் நீடித்தது. இன்று நாம் வறுவல் பொட்டலத்துடன் கைகோத்து நடக்கும் வீதியில், நடப்பதற்காகவே அடிபட்டவர்கள் உண்டு.

அதே கல்பாத்தியிலிருந்து புறப்பட்டவர் டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர். வழக்கறிஞர் தொழிலைத் துறந்து காங்கிரஸ் பணியில் இறங்கியவர். 1923-இல் சரோஜினி நாயுடு தலைமையில் பாலக்காட்டில் நடந்த மாகாண மாநாட்டையொட்டி, எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பந்தி போஜனம் நடந்தது. அதில் பங்குகொண்டதற்காகத் தம் சமூகத்தாரின் விலக்குக்கு அவர் ஆளானார். அவர் மனம் தளரவில்லை. அதே ஆண்டு, நகருக்கு அண்மையில் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவினார். ஒடுக்கப்பட்ட குழந்தைகளும் பிற குழந்தைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினர், ஒன்றாகப் படித்தனர், ஒன்றாக உண்டனர். அவருடைய துணைவியாரும் அப்பணியில் தோள்கொடுத்தார். காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் அங்கே வந்திருக்கிறார்.

கணவனும் மனைவியும் சேர்ந்து தேர்ந்துகொண்ட வாழ்க்கைகளில் இதைவிட எளியதும் பெரியதும் எது? விருந்துக்கு வேண்டியது செல்வமன்று, விரிந்த மனம் என்பதை அத்தம்பதிகள் ஊர் அறியக் காட்டினார்கள். அவர்களைப் போன்றோர் பலரின் உழைப்பே பின்னர் நாட்டின் சட்டமாயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் விதி, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் நுழைய எந்தக் குடிமகனையும் சாதி, மதம், பால் முதலியன காரணமாகத் தடுக்கலாகாது என்று கூறுகிறது. உணவு விடுதியை நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே பெயரிட்டுக் குறித்திருப்பது சிந்திக்கத் தக்கது.

அகத்தேத்தறையிலிருந்து மலம்புழை தொலைவில்லை. அங்குள்ள அணையைக் கட்டியது மதராஸ் அரசு. 1955 அக்டோபர் 9-ஆம் நாள் திறந்து வைத்தவர் அன்றைய மதராஸ் முதலமைச்சர் காமராஜர். ஓராண்டு கடந்த சில வாரங்களில் மாவட்டம் கேரளத்துக்குச் சென்றது. தண்ணீர் வழக்கம்போல் வயலுக்குச் சென்றது. கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் படைத்த பேருருவ யக்ஷி சிலை அங்கே தோட்டத்தில் உண்டு. அந்தி மயங்கும் வேளையில் அணையின்மேல் நின்று கணவாய்க் காற்றை வாங்குவதே இந்தச் சிற்றுலாவின் நிறைவு.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். பேருந்துச் சீட்டு, காலை இட்டிலி, நண்பகல் இலைச் சாப்பாடு, வறுவல் பொட்டலம், எளிய அறையில் ஓரிரவு: இவ்வளவே செலவு. நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியதே. ஆனால் எவரும் எதுவும் கேளாமல், இலையை விரித்து, கணவனுக்கும் மனைவிக்கும் அருகருகே சோறிடும் அந்த ஒரு நிமிஷத்துக்கு நம் முன்னோர் கொடுத்த விலை இந்தக் கணக்கில் வராது. அடுத்த விடுமுறையில் கோபாலபுரம் வழியே செல்லும்போது, முதற்கவளத்தை வாயிலிடுமுன் அவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.