உரிமை பிறந்த இடங்கள்



மாமல்லபுரத்திற்குக் கல்விச் சுற்றுலா செல்லாத பள்ளி நம் செங்கற்பட்டுச் சீமையில் இராது. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் என் மாணவர்களைப் பன்முறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். கடற்கரைக் கோயிலைச் சுற்றி வேலி; வாயிலில் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை; சிற்பத்தின் மேல் கை வைத்தால் காவலர் அதட்டுவார். 1984ஆம் ஆண்டு முதல் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்று. உள்நாட்டுப் பக்கம் வந்தால் உத்தரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்குள்ள கோயிற் சுவரில் இன்றும் படிக்கத்தக்க நிலையில் உள்ளன. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உடையவர் பெயரே குடத்தில் இடப்படும் என்று அக்கல் ஒளிவு மறைவின்றிக் கூறுகிறது. நிலமில்லாத உழவனுக்கும் பெண்டிர்க்கும் அங்கே ஓலை இல்லை.

அவ்வாறு விடுபட்டவர்கள் உரிமை பெற்ற இடங்கள் எவை? அவற்றுக்கு வேலி உண்டா, பலகை உண்டா? இன்று நான் பேச விரும்புவது இதுவே.

நான் வாழும் வேடந்தாங்கல் மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்தது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த நாளில், தம் சாதி இன்னதென்று உடன்பயில்வோர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைந்ததாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். ஆசிரியனாக வாழ்ந்த எனக்கு அவருடைய வாழ்வில் மற்ற எல்லாவற்றையும்விட இந்தச் செய்தியே நெஞ்சில் தைத்து நிற்கிறது. பள்ளி மணி பிள்ளைகளை அழைப்பதற்காக அடிக்கப்படுவது. ஒரு பிள்ளைக்கு அது ஒளிந்து நுழைவதற்கான அடையாளமாயிற்று.

அந்தப் பிள்ளை வளர்ந்து 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1924 ஆகஸ்டு 22ஆம் நாள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எவர் நடப்பதற்கும் தடை இல்லை. அரசு அலுவலகத்திற்குள் செல்லவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் கொள்ளவும், பலர் கூடும் இடங்களில் புழங்கவும் யாவர்க்கும் ஒத்த உரிமை உண்டு என்பதே அதன் கருத்து. மன்றம் அதை ஏற்றது. அடுத்த மாதமே அரசாணையும் வெளிவந்தது. எண்ணிப் பாருங்கள். நடப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது! ஆணை வந்ததும் வழக்கம் மாறிவிடவில்லை. ஊர்தோறும் யாரோ ஒருவர் முதலில் அந்தத் தெருவில் கால் வைக்க வேண்டியிருந்தது, யாரோ ஒருத்தி முதலில் அந்தக் கிணற்றில் குடம் இறக்க வேண்டியிருந்தது. அந்தத் தெருவும் கிணறுமே நான் கூறும் சின்னங்கள்.

பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத வயதுடைய கட்டடம், கல்வெட்டு, குகை முதலியவற்றைப் பற்றிப் பேசுகிறது. 1924இல் புழக்கத்திலிருந்த கிணறுகள் வயதளவில் தகுதி பெற்றுவிட்டன. ஆனால் கைக்குழாயும் மேல்நிலைத் தொட்டியும் வந்தபின் ஊர்க் கிணறுகள் குப்பைக் குழிகளாயின. நான் பணியாற்றிய ஊர்களிலேயே இரண்டு தூர்ந்து போயின. "பழைய இழிவை ஏன் நினைவூட்ட வேண்டும்? மூடியதே நல்லது" என்று ஒரு நண்பர் என்னிடம் கூறினார். இக்கருத்தை நல்லெண்ணத்தோடு கூறுவோர் பலர். நான் உடன்படவில்லை. கிணற்றை மூடினால் இழிவு செய்தவர் செயல் மட்டுமா மறைகிறது? குடத்தோடு முன்வந்தவளின் துணிவும் அதனுள்ளேயே புதைகிறது.

கட்டடமே இல்லாத இடங்களும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டா, பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானித்தனர். மகளுக்கு அவ்வுரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மாநாட்டுப் பந்தல் கீற்றும் மூங்கிலும். கூட்டம் கலைந்தால் பிரிக்கப்படுவது. பந்தலுக்குத் தொல்லியல் சட்டத்தில் இடம் ஏது? அவ்வாறே நிலமும். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். அது பிறர் கைக்குப் போனதை மீட்கக் காரணை மக்கள் போராடினர். 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர்.

பிற நாட்டார் இதில் நமக்கு முன்னே சென்றுள்ளனர். மார்ட்டின் லூதர் கிங் 1968இல் சுட்டுக் கொல்லப்பட்ட மெம்பிஸ் நகரத்து விடுதி, கலையழகு எதுவும் இல்லாத கட்டடம். அதை இடிக்காமல் 1991இல் குடியுரிமை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் அடைபட்டிருந்தவர்களே பின்னர் வருவோர்க்கு வழிகாட்டிகளாயினர். நம் நாட்டிலும், 1927இல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகிய மகாத் குளத்தை நாடி ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர்.

வேலியும் காவலரும் மட்டும் ஓரிடத்தைக் காத்துவிட முடியாது என்பதற்கு எங்கள் ஊர் ஏரியே சான்று. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டு சென்று முறையிட்டனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்கள் உரிமையை எழுத்தில் தந்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஏரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1936இல்தான். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை உழவர் அறிந்திருந்தனர்; ஆகவே தமக்கு வேண்டியதைத் தாமே காத்தனர்.

ஆதலின் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கக்கூடாதிருந்தது, அதை முதலில் மீறியவர் யார், எந்தக் கிணறு எப்போது பொதுவாயிற்று என்று எண்பது வயதுக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்பவரின் சொற்களையே நாள், இடத்தோடு குறித்து, நிலத்தின் புல எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு படியைப் பள்ளியில் வையுங்கள். மற்றொன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.