சக்கையின் சரித்திரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கைஸ் மருத்துவசாலையில் புகழோடு விளங்கிய சர் வில்லியம் ஆர்பத்னாட் லேன், பெருங்குடலில் மலம் தேங்குவதால் தேகம் முழுவதும் விஷம் பரவுகிறது என்று உறுதியாக நம்பி, தீராத மலச்சிக்கலோடு வந்த பலருக்குப் பெருங்குடலையே அறுத்து நீக்கினார். அந்த விஷக் கொள்கையை வைத்திய உலகம் பின்னர் கைவிட்டது. அதே லேன் 1925-இல் புதிய ஆரோக்கியச் சங்கம் ஒன்றை நிறுவி, தவிடு நீக்காத மாவின் ரொட்டியையும் காய்கனிகளையும் உண்ணுமாறு ஜனங்களுக்கு உபதேசித்தார். அவருடைய ரண சிகிச்சைகள் அனைத்தினும் இதுவே மேலான சேவை என்பது என் துணிபு.

ஆயினும், நோயுற்ற குடலுக்கு நார் என்னும் சக்கை ஆகாது, அதற்கு வேண்டுவது ஓய்வே என்ற எண்ணம் வைத்தியசாலைகளில் வேரூன்றி நின்றது. பெருங்குடற் சுவரில் சிறு பைகள் பிதுங்கும் வியாதிக்கும் நாரற்ற மெல்லுணவையே விதித்துவந்த அக்காலத்தில், நீல் பெயின்டர் என்னும் ஆங்கில சத்திர வைத்தியர் அந்த விதியைத் தலைகீழாக்கி, 70 நோயாளிகளுக்குத் தவிடு சேர்ந்த ஆகாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். அதைத் தொடர்ந்து உண்ட 62 பேரில் மிகப் பெரும்பாலோருக்கு உபாதை தணிந்ததை 1972-இல் வெளியிட்டார். உகாண்டாவில் பணியாற்றித் திரும்பிய டெனிஸ் பர்கிட்டும் அதே ஆண்டில் அவரோடு சேர்ந்து, ஆப்பிரிக்கக் கிராமவாசிகளின் நார் மிகுந்த உணவு குடலை விரைவாகக் கடந்துவிடுவதை எடுத்துக்காட்டினார்.

நம் நாட்டில் நார் மிகுந்த இசப்கோல் விதையின் மலமிளக்கும் குணம் யூனானி வைத்தியர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. குஜராத்தின் வடபகுதியில் குளிர்காலப் பயிராக விளைந்து, ஊஞ்ஜா, சித்பூர் முதலிய ஊர்களில் உமி பிரிக்கப்பெறும் அவ்விதை, 1934 முதல் அமெரிக்காவில் மெட்டாமுசில் என்ற பெயரோடு விற்பனையாகிவரும் தூளுக்கும் மூலப்பொருளாயிற்று. அறுவடைக் காலத்தில் ஒரு மழை பெய்தாலும் மணிகள் உதிர்ந்து விளைச்சல் வீணாகிவிடும்; அத்தகைய பயிரை நம்பி வாழும் உழவர்க்கு உலகத்து நோயாளிகள் பெரிதும் கடன்பட்டவர்கள்.

நாரின் உபகாரம் மலத்தை இளக்குவதோடு முடிந்துவிடவில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலமே அக்குடலின் உட்தோலுக்குப் பிரதான ஆகாரம் என்று டபிள்யூ. ரோடிகர் 1980-இல் விளக்கினார். ரண சிகிச்சையில் குடலை வயிற்றின் வெளியே திருப்பிவிட்டவர்களுக்கு, மலம் செல்லாத மிச்சக் குடற்பகுதி அழன்று புண்ணாவது அடுத்த ஆண்டில் விவரிக்கப்பெற்றது. அப்பகுதிக்குள் இவ்வினத்து அமிலங்களைச் செலுத்தியபோது அழற்சி தணிந்ததை 1989-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஓய்வென்று எண்ணியது பட்டினியாகவும் ஆகக்கூடும் என்பது அப்போது புலனாயிற்று.

ஆயினும், குடலை அறுத்து இணைத்த தொடக்க வாரங்களில், வீங்கியிருக்கும் இணைப்பில் அடைப்பு நேராதபடி பல வைத்தியர்கள் இன்றும் மென்மையான உணவையே விதித்து, பின்னர் நாரைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்கிறார்கள். நீரை உறிஞ்சிப் பருக்கும் இசப்கோலைப் போதிய நீரின்றி விழுங்குவதும், குடல் குறுகியிருக்கும்போது உண்பதும் அபாயம். எப்போது, எவ்வளவு என்பதை அவரவர் வைத்தியரே சொல்லவேண்டும்.