ஏலம்: காலாவதியான பெயர்கள் யாருடையவை?

பழனிசெட்டிபட்டியிலிருந்து தேனிக்கு வந்து போடி பஸ் ஏறினால், காதில் விழும் 'ஏலம்' மலையில் விளைகிற காயா, அதை விற்கிற முறையா என்று பேச்சை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். காய் ஏலத்தில் குறைந்தபட்சம் ஒன்று தெளிவு: கழிவு போகப் பணம் விளைவித்தவருக்கு. காலாவதியான இணையப் பெயர்களின் ஏலத்தில் உண்டாக்கியவருக்கு ஒரு பைசா கிடையாது.

நாங்கள் சிலர் நடத்திய சிற்றிதழின் தளம் அப்படித்தான் போச்சு. பத்து வருஷக் கட்டுரைகள். புதுப்பிப்பு நினைவூட்டல், இதழைவிட்டு விலகிய நண்பரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. இன்று அந்தப் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம். "கரண்டு பில்லு கட்டலேன்னா ஃபியூஸத்தான் புடுங்குவான், வீட்டையே வித்துப்புடுவானா?" என்றார் டீக்கடை அண்ணன். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

1995 செப்டம்பர் வரை டாட்காம் பெயர்களுக்குக் கட்டணமே கிடையாது. அந்த மாதம்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கியது. கட்டணத்தோடு கெடுவும் வந்தது. 1998இல் ஐகான் அமைப்பு உருவானது. 1999இல் பதிவு நிறுவனங்கள் பெருகின. விதி என்ன சொல்கிறது? அழிக்கப்பட்ட பெயரை 30 நாளுக்குள் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன்பின் 5 நாளில் பெயர் பொதுவுக்குத் திரும்பும். முதலில் கேட்பவருக்கு அது கிடைக்கும். காகிதத்தில் சமத்துவம். நடப்பில், அந்த நொடியில் கோரிக்கைகளைக் கொட்டும் இயந்திரங்களை வைத்திருப்பவரே எப்போதும் 'முதலில்' வருகிறார். பல பெயர்கள் அந்த வரிசைக்கே வருவதில்லை. அழிப்பதற்கு முன்பே பதிவு நிறுவனங்கள் அவற்றை ஏலத்தில் விட்டுவிடுகின்றன.

இங்கே காவல்காரனே தரகன். 2009இல் ஸ்னாப்நேம்ஸ் என்ற ஏல நிறுவனம், தன் ஊழியர் ஒருவரே 2005 முதல் பொய்ப்பெயரில் ஏலம் கேட்டுவந்ததை ஒப்புக்கொண்டது. 2013இல் நடைமுறைக்கு வந்த ஐகான் விதி, கெடுவுக்கு முன் இரண்டு முறையும் பின் ஒரு முறையும் அறிவிக்கச் சொல்கிறது. ஏலப் பணம் யாருக்கு என்பதை அது தொடவில்லை.

வியாபாரத்துக்கு நீதி காதுகொடுக்கிறது. 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், இணையப் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்றது. வாசித்தவர்களும் சுட்டி கொடுத்தவர்களும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்புக்கு அப்படியொரு பாதுகாப்பு ஏது? ஏலத்தில் விலைபோவது அந்த மதிப்புதானே.

"பெயர் சொத்தல்ல, குத்தகை" என்று பதில் வரும். சரி. குத்தகை முடிந்தால் நிலம் பொதுவுக்குத்தான் திரும்ப வேண்டும். பதுக்கிவைத்த பெயர்கள் அப்படித் திரும்புவதை நானும் ஆதரிக்கிறேன். சொத்துதான் என்றால், 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆம் பிரிவைப் பாருங்கள்: அடகு நகையை விற்றாலும் கடன் போக மிச்சம் அடகு வைத்தவருக்கே. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தரகனின் பைக்குப் போக நியாயமில்லை.

பெயர்களைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவர் தலையில் கட்டாமல் கூட்டாக வைத்துக்கொள்வது நம் வேலை. மிச்சப் பணத்தின் கணக்கைக் கேட்பதும் நம் வேலைதான்.