நொத்தாரிசு என்னும் பெயர்

யாழ்ப்பாணத்தில் நீதிமன்றத்தை அண்டிய தெருக்களில் நடந்தால் 'சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும்' என்று எழுதிய பெயர்ப்பலகைகளைக் காணலாம். காணி வாங்குவோரும் விற்போரும் கடைசியில் ஏறவேண்டிய படி அதுதான். தமிழ்நாட்டிலிருந்து வருபவர் அதைப் 'புகழ்பெற்ற நோட்டரி' என்று படித்துவிடக்கூடும். அவர் ஊரில் நோட்டரி என்பவர் பிரமாணப் பத்திரத்துக்கும் நகலுக்கும் முத்திரை வைப்பவர். கிரயப் பத்திரம் எழுத வேறொருவரிடம் போகவேண்டும். இலங்கையிலோ நொத்தாரிசு இல்லாமல் தனியார் காணி விற்பனை நடவாது. இந்த இரண்டு பெயர்களும் ஒரே வேரில் பிறந்தவை. அவை எங்கே பிரிந்தன என்பதைத் தொடர்ந்து போனால், காணி வாங்கும் ஒருவர் நொத்தாரிசிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதும் தெளிவாகும்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619இல் பிடித்தனர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றி, 1795 வரை ஆண்டனர். போர்த்துக்கேய மொழியில் இந்த உத்தியோகத்தரின் பெயர் ஓகாரச் சாயலோடு 'நொத்தாரியோ' என்பதுபோல் முடியும். ஒல்லாந்த மொழியில் 'நொத்தாரிஸ்'. நம் சொல்லின் ஈற்றில் நிற்கும் 'சு' அது ஒல்லாந்தரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழில் வல்லினமெய் சொல்லின் ஈற்றில் நில்லாது. ஆகவே உகரம் ஏறியது. 'கக்கூசு' என்ற சொல்லும் ஒல்லாந்தத்திலிருந்து இதே வழியில் வந்ததே. அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர், மேசையில் இழுக்கும் லாச்சி, கறிக்கு நறுக்கும் போஞ்சி எல்லாம் அதே காலத்து வரவுகள். சிங்களத்திலும் இவர் 'நொத்தாரிஸ்'தான். ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியாவிலும் இந்த உத்தியோகத்தருக்கு இன்றுவரை அந்தப் பெயரே வழங்குகிறது.

நடுவில் உள்ள 'த்'தும் கவனிக்கத்தக்கது. ஒல்லாந்தர் நாக்கைப் பல்லில் வைத்து ஒலிக்கும் எழுத்து நம் காதில் தகரமாக விழுந்தது. ஆங்கிலேயர் அதே எழுத்தை அண்ணத்தின் முன்புறத்தில் ஒலித்ததால் அது டகரமாகக் கேட்டது. ஒல்லாந்தர் வாயிலாக வந்தது நொத்தாரிசு. ஆங்கிலேயர் வாயிலாக வந்தது நோட்டரி.

இரண்டுக்கும் மூலம் இலத்தீன். 'நொத்தா' என்றால் குறி, அடையாளம். பேச்சைச் சுருக்கக் குறிகளால் வேகமாக எழுதிக்கொள்பவரை உரோமர் 'நொத்தாரியுஸ்' என்றனர். அவர்களிற் பலர் அடிமைகள். பேச்சாளர் சிசெரோவின் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற தீரோவின் பெயராலேயே பழைய உரோமச் சுருக்கெழுத்து இன்றும் வழங்குகிறது. அந்தக் காலத்தில் ஒப்பந்தம் எழுதுவோருக்கு வேறு பெயர் இருந்தது. இடைக்காலத்தில்தான் நொத்தாரியுஸ் என்ற பெயர் அந்த வேலையைத் தனதாக்கிக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் இதற்கெனத் தனிக் கல்வியே நடந்தது. அங்கே கற்பித்த ரொலாந்தினோ எழுதிய கைந்நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. சொன்னதை எழுதும் ஆள், எழுதியதை ஊர் நம்பும் ஆளாக உயர்ந்தது இப்படித்தான்.

நம்மிடமும் இதற்கு இணையான பதவி இருந்தது. சோழர்காலக் கல்வெட்டுகளில் சபையின் முடிவை எழுதியவன் 'மத்யஸ்தன்' என்று தன்னைக் குறிப்பிடுகிறான். யார் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பவன் என்பது அதன் பொருள். 'பிரசித்த' என்ற அடைமொழியையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்கவேண்டும். பெயர்ப்பலகையில் அது புகழைச் சொல்லவில்லை. பலரறிய, பொதுவில் என்ற பழைய பொருளையே சொல்கிறது. அவர் பொது மக்களுக்காக அரசு அனுமதி கொடுத்த எழுத்தாளர். அந்த அனுமதியிலேயே எந்த மொழியில் எழுதலாம், எந்தப் பிரதேசத்தில் எழுதலாம் என்பதும் அடங்கும்.

இந்தப் பெயருக்கு இத்தனை பலம் கொடுத்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசு முன்னிலையிலும், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிட்ட எழுத்தாக இல்லாவிட்டால், காணி விற்பனைக்குச் சட்டத்தில் வலு இல்லை என்றது அது. அந்த எழுத்துக்கு ஈழத்தமிழில் பெயர் 'உறுதி'. தமிழ்நாட்டார் பத்திரம் என்று தாளைச் சுட்டிப் பெயர் வைத்தார்கள். இங்கே அந்தத் தாள் தரவேண்டிய நிலைப்பாட்டையே பெயராக்கினார்கள். உறுதியை 'எழுதினார்' என்பதைவிட 'முடித்தார்' என்பதே பேச்சுவழக்கு. காணியை விற்றால் அறுதி உறுதி, மகளுக்குக் கொடுத்தால் சீதன உறுதி, கொடையென்றால் நன்கொடை உறுதி.

ஒரு பழைய யாழ்ப்பாண உறுதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைப்பில் நொத்தாரிசின் தொடரிலக்கம். கீழே காணியின் பெயர். நம் வளவுகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. பிறகு பரப்பளவு: இத்தனை லாச்சம், 'வரகுக் கலாசாரம்' அல்லது 'நெற் கலாசாரம்'. அந்த நிலத்தில் எந்தத் தானியம் விதைக்கப்பட்டது என்பதை வைத்து அளவே மாறும். வரகுக் கணக்கில் 16 லாச்சம் ஓர் ஏக்கர். நெற்கணக்கில் 24 லாச்சம். ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் மூன்றில் ஒரு பங்கு நிலம் கணக்கில் தவறிவிடும். அடுத்து நான்கு எல்லைகள்: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் காணி என்று. பிறகு கிணற்றில் பங்கு, தண்ணீர் அள்ளவும் போய்வரவும் வழி. கடைசியில் நொத்தாரிசின் அத்தாட்சி. ஒப்பமிட்டவரைத் தனக்கு அல்லது சாட்சிகளுக்குத் தெரியும், அவருக்கு உறுதியை வாசித்து விளங்கப்படுத்தினேன், எல்லோரும் ஒருங்கே இருக்க ஒப்பமிட்டார், இந்த வரியில் இந்த எழுத்து வெட்டித் திருத்தப்பட்டது என்று அவர் தன் கண்ணால் கண்டதைக் குறித்திருப்பார்.

அந்த அத்தாட்சிக்குள் இருப்பது இவ்வளவுதான். யார், எப்போது, யார் முன்னிலையில் ஒப்பமிட்டார் என்பதற்கு நொத்தாரிசு சாட்சி. விற்றவருக்கு அந்தக் காணி உண்மையிலே சொந்தமா என்பதற்கு அவருடைய முத்திரை உத்தரவாதம் ஆகாது. குறித்துவைப்பவர் என்ற பெயரின் எல்லையும் அதுவே. 'நொத்தாரிசு முடித்த உறுதி இருக்கிறது, பிறகென்ன' என்று நம்பிப் பணத்தைக் கொடுத்து, பின்னர் வழக்கோடு அலைபவர்கள் கவனிக்காமல் விட்ட இடம் இது.

ஆகவே நொத்தாரிசைத் தெரிவுசெய்யும்போது பார்க்கவேண்டியது, அவர் குறிப்பதற்கு முன் எவ்வளவு தேடுகிறார் என்பதே. உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்துப் பதிவேடுகளைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டம் அவருக்கு வைத்த கடமை. ஆனால் 'தேடவேண்டாம்' என்று தரப்பினர் எழுத்தில் கொடுத்தால் அந்தக் கடமை நீங்கிவிடும். அவசரத்தில் நீட்டப்படும் அந்தத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். 30 ஆண்டுகளுக்காவது பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா, முன்னைய உறுதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். விற்பவர் கூட்டிவரும் நொத்தாரிசையே ஏற்காமல், வாங்குபவரே ஒருவரைத் தெரிவுசெய்வது நல்லது.

வடக்கில் தேசவழமையும் சேரும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் தொகுக்கப்பட்ட இந்த வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்பதானால், 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணியானால் மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. இவற்றைக் கேட்காமலே உறுதி முடிக்க முன்வருபவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்துகொண்டு ஊர்க்காணியை விற்போருக்கும் ஒன்று சொல்லவேண்டும். இங்கிலாந்தில் வீடு வாங்கினால் வாங்குபவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்பவருக்கு வேறொருவர் என்பது வழக்கம். அவரவர் தத்தம் கட்சிக்காரரின் நலனைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ஒரே நொத்தாரிசுதான் நடுவில் இருப்பார். உங்கள் பக்கம் நின்று உரித்தை ஆராய ஆள் வேண்டுமானால், தனியே ஒரு சட்டத்தரணியை அமர்த்தவேண்டும். உங்களுக்குப் பதிலாக ஒப்பமிட ஊரிலுள்ள ஒருவருக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை அனுப்பும்போது எந்தக் காணி, என்ன விலைக்குக் குறையாமல், எவ்வளவு காலத்துக்குள் என்று வரையறுத்து எழுதுங்கள். வரையறையில்லாத தத்துவம் கொடுத்தவரின் கையை விட்டுப் போய்விடும்.

உறுதி முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. மூலப்பிரதி வாங்கியவருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவைக்கு, இணைப்பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு என்பது விதி. போரில் இடம்பெயர்ந்து உறுதிகளை இழந்த பலர் தம் உரித்தை மீளக் காட்ட முடிந்தது இந்த இணைப்பிரதிகளால்தான். ஆனால் இணைப்பிரதி போய்ச் சேர்வதும் உறுதியைப் பதிவதும் வேறு வேறு. 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியாத உங்கள் உறுதியை, பின்னால் விலைகொடுத்து வாங்கி முதலில் பதிந்த இன்னொருவரின் உறுதி வென்றுவிடலாம். பதிந்த நாளையும் பதிவேட்டுப் பக்கத்தையும் கேட்டு எழுதி வையுங்கள்.

குறி என்ற வேரிலிருந்து வந்த பெயர் இது. குறிக்கப்பட்டது நிற்கும், குறிக்கப்படாத வாய்வார்த்தைக்குக் காணி விடயத்தில் 1840 முதல் இடமில்லை. கிணற்றுப் பங்கு தருகிறேன், ஒழுங்கையால் வாகனம் போகலாம், மதில் எங்களுடையது என்று விற்பவர் சொல்வதெல்லாம் உறுதியில் ஏறியிருக்கிறதா என்று, நொத்தாரிசு வாசிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறவில்லையென்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி எழுதச் சொல்லுங்கள். அவர் அந்தக் கதிரையில் இருப்பது அதற்காகத்தான்.