பழைய துப்பாக்கி வாங்கலையோ... துப்பாக்கி!

போர் முடிந்தால் சிப்பாய் வீட்டுக்குப் போய்விடுவான். அவன் கையில் இருந்த துப்பாக்கி எங்கே போகும்? உருக்கி இரும்பாக்கலாம், கடலில் கொட்டலாம், கிடங்கில் அடுக்கி வைக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. விற்றுவிடலாம்! இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பல ஐரோப்பிய நாடுகள் இந்தக் கடைசி வழியைப் பிடித்துக்கொண்டன. வாங்கிக்கொள்ள அமெரிக்கா தயாராக இருந்தது.

கிடங்கில் குவிந்த ரைபிள்கள்

அந்தப் போரில் சிப்பாய்கள் தூக்கியவை பெரும்பாலும் போல்ட் ரைபிள்கள். ஒரு முறை சுட்டதும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். பிரிட்டனின் லீ என்ஃபீல்டு (இந்தியப் போலீஸ்காரர்களின் தோளில் பல காலம் தொங்கிய அதே .303 தான்), ஜெர்மனியின் மவுசர், இத்தாலியின் கார்கானோ எல்லாம் இந்த ரகம். 1954ல் நேட்டோ நாடுகள் 7.62 மி.மீ. தோட்டாவைப் பொதுவாக ஏற்றுக்கொண்டன. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் புது ரைபிள்கள் வந்தன. பழையவை இடத்தை அடைக்கும் சரக்காகிவிட்டன.

இதில் காசு பார்க்கலாம் என்று கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் சாமுவேல் கம்மிங்ஸ். பிலடெல்பியாவில் 1927ல் பிறந்தவர். கொரியப் போர் காலத்தில் சி.ஐ.ஏ.வில் ஆயுத நிபுணராக வேலை பார்த்தவர். 1953ல் இன்டர்ஆர்ம்கோ என்ற கம்பெனியைத் தொடங்கினார். விர்ஜினியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரில், பொடோமாக் நதிக்கரையில் அவருடைய கிடங்குகள் இருந்தன.

கணக்கு ரொம்ப எளிது. விற்கும் அரசாங்கத்துக்குப் பழைய இரும்பு விலையை விடக் கொஞ்சம் அதிகம் கிடைத்தாலே லாபம். வாங்கும் அமெரிக்கருக்கோ, புது வேட்டைத் துப்பாக்கியின் விலையில் ஒரு சிறு பகுதிக்கு நல்ல ரைபிள் கிடைக்கிறது. சிலர் அதன் மரக்கட்டையை அறுத்து, இளைத்து, மான் வேட்டைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார்கள். சிலர் ராணுவம் வைத்திருந்தபடியே, ஒரு கீறல் கூட மாற்றாமல் சுவரில் மாட்டி வைத்தார்கள். இந்த இரண்டாவது கூட்டம்தான் சேகரிப்பாளர்கள்.

செனட்டர் கென்னடியின் மசோதா

இந்த மலிவு விலை எல்லாருக்கும் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய துப்பாக்கித் தொழிற்சாலைகள் பல மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மாநிலங்களில் இருந்தன. 10 டாலருக்கும் 20 டாலருக்கும் ஐரோப்பிய ரைபிள் கிடைத்தால் புதுத் துப்பாக்கியை யார் வாங்குவார்கள்?

1958ல் ஒரு செனட்டர், ராணுவத்துக்காகச் செய்த துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். தன் மாநிலத் தொழிலைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். அவர் பெயர் ஜான் எஃப். கென்னடி. மாநிலம், மாசசூசெட்ஸ்!

முழுத்தடை வரவில்லை. அமெரிக்காவே வெளிநாடுகளுக்கு ராணுவ உதவியாகக் கொடுத்த துப்பாக்கிகள் திரும்பி வரக்கூடாது என்ற அளவில் மட்டும் சட்டம் ஆனது. இத்தாலிய ரைபிள்களுக்கு ஒரு தடையும் இல்லை.

19 டாலர் 95 சென்ட்

1963 மார்ச்சில் சிகாகோவில் இருந்த கிளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைக்குத் தபாலில் ஒரு ஆர்டர் வந்தது. பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனை நிரப்பி, மணி ஆர்டர் இணைத்து, ஹிடெல் என்ற பெயரில் ஒருவர் அனுப்பியிருந்தார். கேட்டது 6.5 மி.மீ. இத்தாலியக் கார்கானோ. தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19.95 டாலர், தபால் செலவு 1.50 டாலர். 1940ல் டெர்னி நகரத் தொழிற்சாலையில் செய்த அந்த ரைபிள் டல்லாஸ் நகரத் தபால் பெட்டி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹிடெல் என்பது பொய்ப்பெயர். உண்மைப்பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்டு.

1963 நவம்பர் 22 அன்று ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டது அந்த ரைபிளால்தான் என்று வாரன் கமிஷன் அறிக்கை சொன்னது. எந்தச் சரக்கைத் தடுக்க ஐந்து வருடம் முன்பு மசோதா கொண்டுவந்தாரோ, அதே சரக்கு!

கதை அங்கே முடியவில்லை. டென்வர் நகரத்து எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவர் அந்த ரைபிளையும் ஆஸ்வால்டின் கைத்துப்பாக்கியையும் தன் சேகரிப்புக்காக வாங்க, அவருடைய மனைவிக்கு 10,000 டாலர் கொடுத்தார். அரசு விடவில்லை. 1965ல் தனிச்சட்டம் போட்டு அவற்றைத் தனதாக்கிக்கொண்டது.

மூடிய கதவு

தபாலில் துப்பாக்கி விற்பதைக் கட்டுப்படுத்த கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட் வருடக்கணக்காகப் போராடினார். 1968ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகுதான் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மாநிலம் விட்டு மாநிலம் தனிநபருக்குத் தபாலில் அனுப்புவது நின்றது. உபரி ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்கும் தடை வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிங்கைக் கொன்றது ரெமிங்டன் வேட்டை ரைபிள். ராபர்ட் கென்னடியைக் கொன்றது ஐவர் ஜான்சன் கம்பெனியின் சின்ன ரிவால்வர். இரண்டுமே அமெரிக்கத் தயாரிப்பு. அந்த ரிவால்வர் கென்னடி குடும்பத்தின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸைச் சேர்ந்தது! ஆனால் கதவு சாத்தப்பட்டது வெளிநாட்டுப் பழைய ரைபிளுக்கு. உள்ளூர்த் தொழிற்சாலைகள் 1958ல் கேட்டது 1968ல் கிடைத்துவிட்டது.

பாதி திறந்த கதவு

1984ல் செனட்டர் ராபர்ட் டோல் கொண்டுவந்த திருத்தம் சேகரிப்பாளர்களுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 50 வருடம் பழையதாக இருந்தாலோ, ஒரு வரலாற்று மனிதரோடோ சம்பவத்தோடோ உள்ள தொடர்பால் மதிப்புப் பெற்றிருந்தாலோ, அது அரும்பொருள் வகையில் சேரலாம். அந்த வகை ரைபிள்களை உரிமம் பெற்ற கம்பெனிகள் கொண்டுவரலாம். இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் துப்பாக்கி மேலேயே பொறிக்கப்பட வேண்டும். சேகரிப்பாளர்களுக்கு இந்த முத்திரை கண்ணில் விழுந்த தூசு மாதிரி!

சோவியத் யூனியன் உடைந்த பிறகு மோசின் நாகன்ட் ரைபிள்கள், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி கிரீஸோடு பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. 2000களில் கூட 100 டாலருக்குள் கிடைத்தன. பிறகு அரசியல் குறுக்கே வந்தது. 1994ல் பெரும்பாலான சீனத் துப்பாக்கிகளுக்குத் தடை. 2010ல் தென்கொரியாவில் இருந்த எம்1 ரைபிள்கள் திரும்பி வருவது தடைப்பட்டது. 2021ல் ரஷ்யத் துப்பாக்கிகளுக்குப் புது அனுமதி கொடுப்பது நின்றது. வரத்து குறையக் குறைய விலை ஏறிவிட்டது. அன்று வேட்டைக்காக அறுக்கப்பட்ட ரைபிளுக்கு இன்று பெரிய மதிப்பில்லை, அறுக்காமல் விட்டதற்குத்தான் மதிப்பு.

ஒரே ரைபிள்தான். ராணுவத்துக்கு அது குப்பை, வியாபாரிக்குச் சரக்கு, தொழிற்சாலைக்குப் போட்டி, சேகரிப்பாளருக்குப் பொக்கிஷம். இத்தனை பெயர் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. தோட்டா போட்டால் அது இன்னும் சுடும். சட்டம் எழுதுபவர்களும் சேகரிப்பவர்களும் சேர்ந்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது.